விதியும் விலக்கும்
(பொதிகல வரலாறு பற்றிய ஒரு சிந்தனை)

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அதன் கோட்டைகளிலும் கல்வெட்டுகளிலும் மட்டுமன்றி, அது தன் பண்டங்களைப் பொதிந்து வைத்த கலங்களிலும் காணலாம். அரிக்கமேட்டு அகழ்வாராய்ச்சியிற் கிடைத்த உரோமானியச் சாடிகள், மதுவும் எண்ணெயும் சுமந்து கடல் கடந்து வந்த பொதிகலங்களேயாம். ஆங்கிலேயர் சாக்கைக் குறிக்க வழங்கும் சொல் 'கோணி' என்னும் நம் நாட்டுச் சொல்லின் திரிபு. ஆகவே பொதியிடல் என்பது இழிவான பொருளன்று; வணிகத்தின் வரலாறும் உழைப்பின் வரலாறும் அதனுள் அடங்கியுள்ளன. இன்று பிளாஸ்டிக் கழிவு உலகப் பிரச்சினையாகியுள்ள வேளையில், அவ்வரலாற்றை நம் மாவட்டத்தின் ஒரு மூலையிலிருந்து நோக்குவது பயனுடையதாகும்.

அம்மூலை ஈச்சிலம்பற்று. திருகோணமலை மாவட்டத்தின் தென்பால், மூதூருக்கும் அப்பால், வெருகலாற்றின் அயலில், பண்டைய கொட்டியாரப் பகுதியைச் சார்ந்து இஃது அமைந்துள்ளது. இக்கொட்டியாரக் கரையிலேதான் 1660 ஆம் ஆண்டிலே இறொபேட் நொக்சு என்னும் ஆங்கிலேயர் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பிச் சென்று, 1681 இல் அவர் வெளியிட்ட நூலிலே, தாளிப்பனையோலையை வியந்து எழுதியுள்ளார். ஒரே ஓலை பதினைந்து இருபது பேரை மழையினின்று காக்கவல்லது என்பதும், மடித்தால் சிறிதாகிக் கையிற் கொண்டு செல்லத்தக்கது என்பதும் அவர் கண்ட புதுமைகள். ஐரோப்பியர் ஒருவருக்குப் புதுமையாகத் தோன்றியது நம்மவர்க்கு அன்றாட வழக்கமாயிருந்தது.

ஓலையின் பயன்பாட்டிலே கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. பனங்கட்டி செய்வோர், காய்ச்சிய பாகை ஓலைக் குட்டானில் வார்ப்பர். குட்டான் முதலில் அச்சாகவும், பின்னர் பொதியாகவும் அமைகின்றது. பனங்கட்டி தீர்ந்ததும் குட்டான் அடுப்பிற்கோ குப்பைக்கோ சென்று சில நாளில் மறைகின்றது. மீன் கொண்டு செல்லும் உமல் அதனினும் சற்று உறுதியானது. நெல்லும் மண்ணும் சுமக்கும் கடகமோ இரட்டையாக இழைத்து, விளிம்பிற்கு நார் பொத்தி, ஆண்டுக்கணக்கில் உழைக்குமாறு செய்யப்படுவது. அதே ஓலையினத்தை வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு ஏடாக்கினால் நூற்றாண்டுகள் நிலைக்கும். 'கோணேசர் கல்வெட்டு' முதலான நம் மாவட்டத்து நூல்கள் தலைமுறை தலைமுறையாக வந்தது ஏட்டின் வழியேதான். பொருள் ஒன்றே, ஆயின் ஒரு வாரம் வேண்டியதற்கு ஒரு வார ஆயுளும், ஒரு நூற்றாண்டு வேண்டியதற்கு ஒரு நூற்றாண்டு ஆயுளும் கைவினைஞர் அதற்கு அளித்தனர். பொதியின் ஆயுள் பண்டத்தின் ஆயுளோடு ஒத்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் எழுதாது கைக்கொண்ட இலக்கணம். கீழ்மாகாணத்து எருமைத் தயிர்ச்சட்டியும் இவ்விலக்கணத்தின்பாற் படுவதே. மட்சட்டி நீரை உறிஞ்சித் தயிரை இறுகச் செய்கின்றது. உடைந்தால் மண்ணோடு சேர்கின்றது.

இவ்விலக்கணம் பிறழ்ந்த வரலாறு நெடியதன்று. 1933 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் நோர்த்விச் நகரின் அயலில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே, கிப்சன், போசெற் என்னும் இரு விஞ்ஞானிகள் தற்செயலாகப் பொலித்தீனைக் கண்டனர். அதன் முதற்பணி பொதியிடலன்று. இரண்டாம் உலக யுத்தத்திலே ராடர் கருவிகளின் கம்பிகளுக்கு மின்காப்பாக அது பயன்பட்டது. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, அவற்றின் வரவை முன்னறிவித்ததும் இங்கிருந்த ராடர் நிலையமே. நாட்டைக் காக்கும் கருவிக்கு நெடிது உழைக்கும் பொருள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. யுத்தம் முடிந்த பின், அந்நெடிய ஆயுளுடைய பொருளையே அரை நாழிகைப் பயன்பாட்டிற்கு மாற்றியதிலேதான் பிழை தொடங்கிற்று.

இன்று கடைதோறும் காணும் பொலித்தீன் பையை வடிவமைத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் துலின் என்பவர். 1965 இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கடதாசிப் பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைப்பதே தந்தையாரின் நோக்கமென்றும், அவர் ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தினாரென்றும் அவர் மகன் பிற்காலத்திற் கூறியுள்ளார். ஆக, பொருளைக் குற்றஞ்சாட்டுவதிற் பயனில்லை. அதனை ஒரு முறை எடுத்து எறியும் வழக்கமே குற்றமுடையது. 2015 ஆம் ஆண்டு வரை உலகிற் கழிவாகிய பிளாஸ்டிக்கில் ஏறக்குறைய 9 வீதமே மீள்சுழற்சிக்குச் சென்றதென 2017 இல் வெளியான ஆய்வொன்று கணித்தது.

இலங்கை அரசு இதனை உணராதிருக்கவில்லை. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ், 2007 இல் 20 மைக்கிரோனிலும் மெல்லிய பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. 2017 ஏப்ரல் 14 இல், புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் உணவு சுற்றும் பொலித்தீன் தாளும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் விலக்கப்பட்டன. 2021 இல், உணவும் மருந்தும் ஒழிந்த ஏனைய பண்டங்களின் 20 கிராமிற்கு உட்பட்ட சிறு பைக்கற்றுகளும், 2023 இல் ஒரு முறை பயன்படுத்தும் கரண்டி, இடியப்பத் தட்டு முதலியனவும் தடையுற்றன. 2025 நவம்பர் முதல் கடைகளில் பொலித்தீன் பையை இலவசமாக வழங்குவதும் நிறுத்தப்பட்டது. இவ்வளவிற்குப் பின்னரும், அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிலே பிளாஸ்டிக்கைத் தின்று எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என 2022 இற் செய்தி வந்தது. நம் நகரத்து மான்களும் குப்பைக் குவியல்களிலே இரை தேடுவதை யாம் காண்கின்றோம்.

காரணம் யாது? நம் சட்டங்கள் யாவும் விலக்குகளாகவே உள்ளன. அவற்றோடு விதி சேரவில்லை. இன்னதைச் செய்யாதே என்பது விலக்கு. இன்னதைச் செய் என்பது விதி. விலக்கு மட்டும் உள்ளவிடத்து, ஒரு தாள் போனால் அதன் சாயலில் இன்னொரு தாள் வரும். பாரத நாடு 1987 ஆம் ஆண்டிலே சணற் பொதிச் சட்டம் இயற்றி, உணவுத் தானியம், சீனி முதலியவற்றைச் சணற் சாக்கிலேயே பொதிய வேண்டும் என விதித்தது. அது முதலிற் சணல் விளைவிப்போரையும் ஆலைத் தொழிலாளரையும் காக்க எழுந்த சட்டமேயாயினும், மண்ணில் மட்கும் சாக்கிற்கு ஒரு நிலையான சந்தையை அளித்தது. தமிழ்நாட்டிலோ 2019 சனவரி முதலாம் நாள் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் விலக்கப்பட்டன. ஏறக்குறைய மூன்று ஆண்டுகளின் பின், 2021 டிசெம்பரில், மஞ்சட் பையை மீண்டும் வழக்கிற்குக் கொணரும் இயக்கம் தொடங்கப்பட்டது. விலக்கு விதியைத் தேடிய கதை இது.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தலாகாது. ஓலைக் காலத்தைப் பொற்காலமென்று புகழ்தல் வரலாற்றிற்கு ஒவ்வாது. பொலித்தீன் வந்தபோது மக்கள் அதனை விரும்பியே வரவேற்றனர். மழையில் அது நனையாது, கறி கசியாது, விலையும் அற்பம். குட்டானும் உமலும் மலிவாயிருந்தமைக்குக் காரணம், அவற்றை இழைத்த பெண்களின் நேரத்திற்கு எவரும் உரிய விலை கொடாமையே. ஓலைப்பெட்டியின் விலையிலே இழைத்தவளின் கூலி குறைந்தது. பொலித்தீன் பையின் விலையிலே அதனை அகற்றும் செலவு விடுபட்டது. இரண்டும் பொய்விலைகள். முன்னதன் நட்டத்தை ஓர் ஏழைக் குடும்பம் தாங்கியது. பின்னதன் நட்டத்தை ஆறும் கடலும் தாங்குகின்றன. எனவே, ஓலைக்கு மீள்வோம் என்போர் முதலில் இழைப்பவளின் கூலியைப் பேசுதல் வேண்டும்.

ஈச்சிலம்பற்றுக்கு இவ்விரண்டும் ஏட்டுச்சுரைக்காய் அல்ல. மகாவலியின் கிளையாகிய வெருகலாறு, மலைநாட்டிலிருந்து வரும் நீரை இங்கே கடலிற் சேர்க்கின்றது; மேலே எறிந்தது கீழே வந்து தங்கும். களப்பையும் கடலையும் நம்பி வாழும் மீனவர் இங்குளர். 2021 இல் மேற்குக் கடலில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது, ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குறுணி கடலிற் கலந்து மீனவர் தொழில் முடங்கியதை நாம் கண்டோம். மறுபுறம், 2004 இற் கடற்கோளையும் 2006 இற் போரினால் இடப்பெயர்வையும் கண்டு, 2007 முதல் மீளக் குடியேறிய இம்மண்ணிலே, தனித்து நின்று குடும்பம் காக்கும் பெண்கள் பலர். பனையோலையும் பன்னும் இழைக்கும் கை நம் மாகாணத்தில் இன்னும் அற்றுப்போகவில்லை. அக்கைக்கு நேரிய கூலி கிடைக்குமாயின், ஆற்றைக் காப்பதும் அடுப்பெரிவதும் ஒரே செயலாகும்.

அரசின் விதி வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. வெருகல் சித்திரவேலாயுதர் ஆலயத் திருவிழாவிற்கு ஆண்டுதோறும் அடியார் திரளாகச் செல்கின்றனர். அங்கும் கோணேசர் ஆலயத்திலும் பிரசாதம் ஓலைக் கலத்திலேயே வழங்கப்படும் என்னும் ஒரு விதி அமையட்டும். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகள் தமக்கு வேண்டும் பெட்டிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே விலை பேசி இழைப்போரிடம் பெறட்டும். நனைவனவற்றிற்கு மட்சட்டியும், திருப்பிக் கொடுக்கும் கண்ணாடிப் போத்தலும் இருக்கின்றன. நம் மாணவருள் விஞ்ஞானம் பயில்வோர், ஓலைக்கு நீர் புகாத மெழுகுப் பூச்சு அமைக்கும் வழியை ஆராயலாம். வணிகம் பயில்வோர், ஒரு பெட்டியின் மெய்விலையைக் கணக்கிடலாம்.

அரிக்கமேட்டுச் சாடி இரண்டாயிரம் ஆண்டின் பின் நமக்கு ஒரு வணிகத்தின் கதையைக் கூறிற்று. ஈராயிரம் ஆண்டின் பின் வெருகல் முகத்துவாரத்தைத் தோண்டுவோர்க்கு நாம் எதனை விட்டுச் செல்வோம் என்பது, இன்று நாம் நமக்கே விதித்துக்கொள்ளும் விதியைப் பொறுத்தது.