வாள் விழுங்கியவரிடமிருந்து வீட்டு நாய் வரை

வீட்டு நாய் விழுங்கிய எலும்பு உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் முன்பெல்லாம் பெரும்பாடுதான். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய வேண்டிவரும். பிழைப்பது நிச்சயமில்லை. இன்றோ வாய்வழியே வளையும் குழாயை இறக்கி, இடுக்கியால் பிடித்து எலும்பை எடுத்துவிடுகிறார்கள். எண்டோஸ்கோப்பி எனப்படும் இந்த முறை செல்லப் பிராணிகளிடம் வந்து சேர்ந்த கதை நீண்டது.

1806-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் பிலிப் போசினி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் உடலுக்குள் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். 1868-இல் அடோல்ப் குஸ்மவுல் இரைப்பைக்குள் நேரான உலோகக் குழாயைச் செலுத்த முயன்றார். அதை யார் விழுங்குவார்? வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவர்தான் கைகொடுத்தார்! குழாய் இறங்கியது, ஆனால் வெளிச்சம் போதவில்லை.

நாய் இந்த வரலாற்றில் நுழைவது 1901-இல். ஹம்பர்க் நகரில் நடந்த மாநாட்டில் மருத்துவர் ஜார்ஜ் கெல்லிங், உயிருள்ள நாயின் வயிற்றுக்குள் காற்றைச் செலுத்தி, சிறு துளைவழியே கருவியை நுழைத்து உள்ளுறுப்புகளைக் காட்டினார். இன்றைய லேப்ராஸ்கோப்பிக்கு அதுவே தொடக்கம். மனிதனின் நன்மைக்காக அன்று வயிற்றைக் கொடுத்த நாய்க்கு, அந்த நன்மை திரும்பி வர ஏறக்குறைய 70 ஆண்டுகள் ஆயின.

திருப்புமுனை கண்ணாடி இழைதான். 1957-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், வளையும் இழைக்குழாயை முதலில் தம் தொண்டைக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார். துணிச்சல்காரர்! 1970களில் இக்கருவி கால்நடை மருத்துவர்களின் கைக்கும் வந்தது. நாள்பட்ட வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும், வயிற்றைக் கிழிக்காமலே குடலின் உட்சுவரில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க முடிந்தது.

மனிதர்களைப் போல நாயும் பூனையும் ஒத்துழைப்பதில்லை, குழாயைக் கடித்துவிடும். எனவே முழு மயக்கம் அவசியம். குழாய்க்கும் எல்லை உண்டு. இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் காணலாம். நடுக்குடலை எட்டுவது கடினம். பூனை விழுங்கிய நூல் குடல்வரை இறங்கிவிட்டால் இழுப்பதே ஆபத்து, குடலையே அறுத்துவிடும். அங்கே இன்றும் அறுவைதான். வாயில் நூல் தொங்குகிறதென்று வீட்டில் இழுத்துப் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டன் பேட்டரியை விழுங்கியிருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்திலேயே அது உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.