நோயோடு ஓடிய ஆட்டம்: ஜோனா லோமுவின் ரக்பி வாழ்க்கையும் பிற்காலமும்

ஜோனா லோமு 1975 மே 12 அன்று நியூசிலாந்தில், டோங்கா தீவுகளிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் டோங்காவில் வளர்ந்த அவர், பின்னர் ஆக்லாந்தின் தெற்கே தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த மாங்கெரேயில் வாழ்ந்தார். புகெகோஹேயின் வெஸ்லி கல்லூரிதான் அவரை ரக்பி ஆட்டக்காரராக உருவாக்கியது. 1994 ஜூனில் கிறைஸ்ட்சர்ச்சில் பிரான்சுக்கு எதிராகத் தேசிய அணிக்கு ஆடியபோது அவருக்கு வயது 19 ஆண்டு 45 நாள். ‘ஆல் பிளாக்ஸ்’ எனப்படும் நியூசிலாந்து அணிக்கு அதுவரை அவ்வளவு இளம் வயதில் எவரும் டெஸ்ட் (நாடுகளுக்கிடையேயான ஆட்டம்) ஆடியதில்லை. அந்தத் தொடரின் இரண்டு ஆட்டங்களிலும் நியூசிலாந்து தோற்றது. லோமு அணியில் தன் இடத்தையும் இழந்தார்.

1995 உலகக் கோப்பைக்கு முந்தைய பயிற்சி முகாம்களில் அவர் ஓட முடியாமல் திணறினார். உடல்தகுதி போதாது என்றே அப்போது கருதப்பட்டது. பின்னாளில் தெரியவந்த நோயின் தொடக்கத்தை அதில் காண இடமுண்டு. ஆயினும் இரண்டே டெஸ்ட் அனுபவத்தோடு அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். களத்தின் ஓரத்தில் ஓடும் ‘விங்’ இடத்துக்கு அதுவரை மெலிந்த, விரைவான ஆட்டக்காரர்களையே நிறுத்துவது வழக்கம். லோமுவோ 1.96 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 120 கிலோ எடையும் கொண்டவர், வேகத்திலும் அவர்களுக்குச் சளைக்காதவர். ஜூன் 18 அன்று கேப் டவுனில் நடந்த அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு டிரை (எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்து ஐந்து புள்ளி பெறுவது) அடித்தார். முதல் டிரையில் மைக் கேட் என்ற தடுப்பாட்டக்காரரை மிதித்துக் கடந்த காட்சி உலகெங்கும் ஒளிபரப்பானது. நியூசிலாந்து 45–29 என வென்றது. இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்க அணி அவரைச் சூழ்ந்து மடக்கி 15–12 என வென்றது. அந்நாட்டுடன் ஆடிய 12 டெஸ்டுகளில் ஒன்றிலும் லோமுவால் டிரை அடிக்க முடியவில்லை.

இறுதியாட்டத்துக்கு முந்தைய நாள்தான் தென்னாப்பிரிக்க, நியூசிலாந்து, ஆஸ்திரேலிய ரக்பி அமைப்புகள் ரூபர்ட் மர்டாக்கின் ஊடக நிறுவனத்துடன் பத்தாண்டுகளுக்கு 55.5 கோடி டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தத்தை அறிவித்தன. அவ்வாண்டு ஆகஸ்டில், ஊதியம் பெற்று ஆடுவதற்கு ரக்பியில் இருந்த தடை நீங்கியது. தொழில்முறை ஆட்டமாக மாறிய ரக்பிக்கு உலகு அறிந்த முதல் முகம் லோமுவுடையது. ஒரே ஆட்டக்காரரால் இம்மாற்றம் வந்தது என்பது மிகை. ஆனால் ரக்பியே அறியாத நாடுகளிலும் அவர் பெயர் சென்று சேர்ந்தது.

அவ்வாண்டு இறுதியிலேயே அவருக்கு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்னும் சிறுநீரக நோய் இருப்பது கண்டறியப்பட்டது. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதடைந்து இரத்தத்திலுள்ள புரதம் சிறுநீரில் வெளியேறுவதால் உடல் வீங்கும், சோர்வு மிகும். வேகத்தையும் வலிமையையும் நம்பி ஆடுபவருக்கு இதைவிடக் கொடிய நோய் அரிது. லோமுவின் சாதனைகளை மதிப்பிடுவோர் பலர் 1995-ஐ உச்சமாகவும் பிந்தைய ஆண்டுகளைச் சரிவாகவும் எழுதுவது நியாயமன்று. 1997-இன் பெரும்பகுதியைச் சிகிச்சையில் கழித்தவர், 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் எழுவர் ரக்பியில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். 1999 உலகக் கோப்பையில் எட்டு டிரை அடித்தார். முந்தைய கோப்பையில் அடித்ததைவிட ஒன்று கூடுதல். 2000 ஜூலையில் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 1,09,874 பேர் திரண்ட ஆட்டத்தில், கடைசி நேரத்தில் அவர் அடித்த டிரையே 39–35 என்ற வெற்றியைத் தந்தது. 2002 நவம்பரில் கார்டிஃபில் வேல்சுடன் ஆடியது கடைசி டெஸ்ட். 63 டெஸ்ட், 37 டிரை என்பது அவர் கணக்கு.

2003-இல் டயாலிசிஸ் தொடங்கியது. கால் நரம்புகளும் பாதிக்கப்பட்டு நடையே தடுமாறியது. 2004 ஜூலையில், வெலிங்டன் வானொலி அறிவிப்பாளர் கிராண்ட் கெரியாமா தம் சிறுநீரகங்களில் ஒன்றைத் தானமாகத் தந்தார். மறு ஆண்டே லோமு களம் திரும்பினார். இங்கிலாந்து ஆட்டக்காரர் மார்ட்டின் ஜான்சனைச் சிறப்பிக்க டுவிக்கனமில் நடந்த ஆட்டத்தில் டிரை அடித்தார், தோளிலும் காயமடைந்தார். பிறகு கார்டிஃப் புளூஸ், நியூசிலாந்தின் நார்த் ஹார்பர் அணிகளுக்கு ஆடினார். 2007 உலகக் கோப்பையில் ஆட வேண்டுமென்ற ஆசை நிறைவேறவில்லை. அவ்வாண்டே தொழில்முறை ஆட்டத்திலிருந்து விலகினார்.

பின்னர் ரக்பியின் தூதராகப் பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். சிறுநீரக நோயுற்ற குழந்தைகளுக்கான பணிகளிலும் துணை நின்றார். 2011-இல் பன்னாட்டு ரக்பி வாரியம் அவரைப் புகழ்மண்டபத்தில் சேர்த்தது. அதே ஆண்டில் மாற்றுச் சிறுநீரகம் செயலிழக்க, மீண்டும் டயாலிசிஸை நாட வேண்டியதாயிற்று. 2015 உலகக் கோப்பையின்போது பிரிட்டனில் விளம்பரப் பணிகளில் இருந்தபோதும் இச்சிகிச்சை தொடர்ந்தது. உலகக் கோப்பைகளில் அவர் அடித்திருந்த 15 டிரைகள் என்ற சாதனையைத் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா அத்தொடரில்தான் எட்டினார். ஹபானாவுக்கு அதற்கு மூன்று உலகக் கோப்பைகள் தேவைப்பட்டன, லோமுவுக்கு இரண்டே போதுமாயிருந்தன. நாடு திரும்பிய சிறிது நேரத்திலேயே, 2015 நவம்பர் 18 அன்று, ஆக்லாந்தில் தம் 40-ஆம் வயதில் லோமு காலமானார்.