ஆய்வகத்தில் குருத்தணு: ஹைதராபாத்தும் வேலூரும்

குருத்தணு, தானும் பெருகி வேறு வகை அணுக்களாகவும் மாறக்கூடிய உயிரணு. ஆஸ்பத்திரிகளில் ஸ்டெம் செல் என்றே சொல்வார்கள். ரத்தம் முழுவதும் இத்தகைய அணுக்களிலிருந்துதான் பிறக்கிறது என்பதை டொராண்டோவில் டில், மெக்குல்லக் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 1961-இல் எலிகளில் காட்டினர்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) மருத்துவமனையில், 1986-இல் மேமன் சாண்டியின் குழு அங்கு முதன்முறையாக, ரத்தக் குருத்தணுக்கள் இருக்கும் எலும்பு மஜ்ஜையை மாற்றும் சிகிச்சையைச் செய்தது. அன்று அணுக்களை வளர்க்கவில்லை. ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவருக்கு ஏற்றினார்கள், அவ்வளவே.

வளர்த்துப் பொருத்தும் முறை கண்ணில் பலித்தது. சுண்ணாம்போ அமிலமோ தெறித்தால் கருவிழியின் விளிம்பிலுள்ள குருத்தணுக்கள் அழிந்து பார்வை மறைகிறது. இத்தாலியில் பெலெக்ரினியின் குழு 1997-இல் இருவருக்கு வளர்த்த அணுக்களைப் பொருத்தியது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் விரேந்தர் சாங்வானும் கீதா வேமுகந்தியும் 2001 முதல் அதைத் தங்கள் வழியில் செய்தனர். நல்ல கண்ணிலிருந்து துளியளவு திசு எடுத்து, பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வின் மேல் பரப்பி, ஏறத்தாழ இரண்டு வாரம் வளர்த்தார்கள். 200 நோயாளிகளில் 71 சதவீதத்தினருக்குப் பலன் கிட்டியதாக 2011-இல் அறிக்கை வந்தது. மறு ஆண்டே அக்குழு இன்னும் எளிய வழியொன்றை வெளியிட்டது: திசுவைப் பொடித்துண்டுகளாக்கிக் கண்ணிலேயே ஒட்டிவிட்டால் அங்கேயே வளர்ந்துவிடும். ஆய்வகச் செலவே இல்லை. ஏழை நோயாளியை மனதில் வைத்து எழுந்த ஆராய்ச்சி இது. இத்துறையில் இந்தியாவின் தலைசிறந்த கொடை என்று இதையே சொல்வேன்.

ரத்தக் குருத்தணு அப்படி வளைந்துகொடுக்காது. உடலுக்கு வெளியே பலநாள் வைத்தால் தன் இயல்பையே இழக்கிறது. எனவே சிஎம்சி வளாகத்தில், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவுடன் 2005-இல் அமைந்த குருத்தணு ஆய்வு மையம், பெருக்குவதை விட்டு மரபணுவைச் சேர்க்கும் வழியைப் பிடித்தது. அலோக் ஸ்ரீவாஸ்தவாவின் குழு, அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்துடன் இணைந்து, கடும் ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐவருக்குச் சிகிச்சை தந்தது. இந்நோயில் ரத்தத்தை உறையவைக்கும் எட்டாம் காரணி போதாது. மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசியும். நோயாளியின் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, நோய் தராதபடி மாற்றிய லென்டிவைரஸ் மூலம் அக்காரணிக்கான மரபணுவைப் புகுத்தி, கீமோதெரபியால் மஜ்ஜையில் இடம் ஒழித்துத் திருப்பி ஏற்றினார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளியானது: ஐவரையும் கவனித்த மொத்தம் 81 மாத காலத்தில், காரணி சுரக்கத் தொடங்கிய பின் எவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. கீமோதெரபி என்ற சுமை மட்டும் இன்னும் நீங்கவில்லை.

இதற்கிடையே ஆட்டிசத்துக்கும் முதுகுத்தண்டுக் காயத்துக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் வசூலிக்கும் கிளினிக்குகள் பெருகின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, நிலைபெற்ற ரத்தக் குருத்தணு மாற்று தவிர ஏனையவை பதிவுபெற்ற பரிசோதனையாக மட்டுமே நடக்கலாம்; அதில் சேருபவரிடம் பணம் வாங்கக்கூடாது.