இன்லைன் ஃபிகர் ஸ்கேட்டிங்

ஒரே வரிசையில் சக்கரங்கள் பொருத்திய காலணியில் ஃபிகர் ஸ்கேட்டிங் அசைவுகளைப் பயிலும் முறை. பனித்தளம் கிடைக்காத மாதங்களிலும் ஊர்களிலும் கைகொடுப்பது. 1980-இல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் ஸ்காட், பிரென்னன் ஓல்சன் சகோதரர்கள் பனி ஹாக்கி வீரர்களின் கோடைக்காலப் பயிற்சிக்காகவே இன்லைன் ஸ்கேட்டை மேம்படுத்தினர்; ரோலர்பிளேடு நிறுவனம் அதிலிருந்து பிறந்தது.

ஆனால் கடைகளில் கிடைக்கும் சாதாரண இன்லைன் ஸ்கேட் இதற்குப் போதாது. அதன் சக்கரங்கள் ஒரே மட்டத்தில் இருக்கும். பிரேக் குதிகால் பக்கம் இருக்கும். ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடின் அடிப்புறமோ முன்னும் பின்னும் மெல்ல மேலேறும் வளைவு கொண்டது. திருப்பங்களும் சுழற்சிகளும் அந்த வளைவை நம்பியே நிகழ்கின்றன. ஆகவே இதற்கெனச் செய்த சட்டத்தில் நடுச் சக்கரங்கள் சற்றுத் தாழ்ந்திருக்கும். பிளேடின் முனைப் பற்களுக்கு ஈடாக முன்னால் ரப்பர் தடுப்பு இருக்கும். பனியில் அணியும் அதே வகைப் பூட்ஸிலேயே இதைப் பொருத்தலாம் என்பது பெரிய வசதி.

விளிம்புச் சாய்வும் திருப்பங்களும் இதில் நன்கு பழகும். பக்கவாட்டில் சறுக்கி நிற்பது மட்டும் பனியில் போல எளிதல்ல. சக்கரம் தரையைப் பற்றிக்கொள்ளும். எடையும் கூடுதல். கான்கிரீட்டில் தாவி இறங்கினால் முழங்காலுக்கு அதிர்ச்சி மிகும். கடினமான தாவல்களைப் பனிக்கு விட்டு, விளிம்புப் பயிற்சிக்கு இதைக் கொள்வதே தக்கது.