அப்பாக்களுக்கு ஒரு பாடப்புத்தகம்

பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ விசுவாசத்தைச் சொல்லித்தர இன்று எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. சுமார் 500 வருடங்களுக்கு முன்பு?

ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் 1528-ல் சபைகளைப் பார்வையிட்ட மார்ட்டின் லூதர் அதிர்ந்துபோனார். கிராமத்து ஜனங்களுக்கு அடிப்படையே தெரியவில்லை. பல போதகர்களுக்குக் கற்பிக்கவும் தெரியவில்லை. அப்புறம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

1529-ல் 'சிறிய ஞானோபதேசம்' எழுதினார். பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து ஆகியவை அதில் உண்டு. எல்லாம் சின்னக் கேள்வி, எளிய பதில். குடும்பத்தலைவர் தன் வீட்டாருக்குக் கற்பிக்க வேண்டும் என்று தலைப்புகளிலேயே குறித்திருந்தார்.

1706-ல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு இதைத் தமிழாக்கினார்.

பிள்ளையிடம் கேள்வி கேட்க, அப்பா முதலில் பதிலைப் படித்தாக வேண்டுமே! அப்படியானால் இது யாருக்கான புத்தகம்? நீங்களே சொல்லுங்கள்.