சொல்லின் செல்வரும் என் தந்தையாரும்

மட்டக்களப்பு வாவிக்கரை மக்கள் 1956இல் தமிழரசுக் கட்சியின் செ. இராசதுரையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 'சொல்லின் செல்வர்' என்று போற்றினர். 1977இல் தனிநாடு கோரிய தமிழர் விடுதலைக் கூட்டணியின் வேட்பாளராக வென்றவர், 1979இல் ஐக்கிய தேசியக் கட்சியிற் சேர்ந்து அமைச்சரானார்.

தனிநாட்டுக்கென்றே வாக்களித்த என் தந்தையார், அதன் பின்னரும் அவர் கூட்டங்களுக்குப் போவதை விடவில்லையாம். பின்னாளிற் காரணம் கேட்டேன்.

"கொள்கையெண்டா என்னெண்டு நமக்குச் சொல்லித் தந்ததே அவர்தானே, மகன்" என்றார்.

கொள்கையை அவர்கள் ஏட்டிற் படிக்கவில்லை. ஒரு குரலிலே கேட்டார்கள். குரல் திசைமாறியபோது இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை. அதனாலேதான், பேச்சை மெச்சும் மாணவரிடம் நான் கேட்பதுண்டு: "நன்றாகப் பேசினார், சரி, என்ன பேசினார்?"