நச்சு வாயு சூழ்ந்த பணியிடங்கள்: எந்தக் கவசம் எப்போது தேவை?

ஆந்திரப் பிரதேச மாநிலம் சித்தூர் மாவட்டம் பலமநேர் அருகேயுள்ள மொரம் கிராமத்தில், 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி தனியார் நிறுவனம் ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியைத் தூய்மைப்படுத்தும் பணியின்போது 7 தொழிலாளர்கள் மூச்சுத்திணறி உயிரிழந்தனர். இத்தகைய இடங்களில் கவசம் அணிவதற்கு முன்னரே காற்றைப் பரிசோதிப்பது அவசியம்.

கழிவு அழுகும்போது உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு, அடர்த்தி மிகுந்தால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும். எனவே வாடை இல்லாததால் ஆபத்தும் இல்லை எனக் கொள்ளலாகாது. வாயுவை அளக்கும் கருவியே நம்பத்தக்கது.

வடிகட்டி பொருத்திய முகக்கவசம் காற்றிலுள்ள நச்சை மட்டுமே நீக்கும், ஆக்சிஜனை அளிக்காது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலோ, நச்சின் தன்மை தெரியாவிட்டாலோ, காற்று உருளையுடன் கூடிய சுவாசக் கருவி கட்டாயம். தோலையும் தாக்கும் வேதிப்பொருள் எனில், உடல் முழுவதையும் மூடும் உடை, கையுறை, காலணி ஆகியவையும் தேவை.

இவ்வுடைகள் உடல் வெப்பத்தை எளிதில் வெளியேற விடுவதில்லை. ஆகவே பணிநேரத்தைக் குறைக்க வேண்டும். போபால் யூனியன் கார்பைடு ஆலையின் 337 டன் நச்சுக் கழிவு 2025 ஜனவரி தொடக்கத்தில் அகற்றப்பட்டபோது, சுமார் 100 தொழிலாளர்கள் 30 நிமிட முறைவைத்துப் பணியாற்றியதாக அதிகாரிகள் தெரிவித்தனர்.

தொட்டியில் இறங்குமுன் தகுதியுள்ளவர் காற்றைச் சோதித்து எழுத்துப்பூர்வச் சான்று அளிக்க வேண்டும்; இல்லையேல், இறங்குபவர் சுவாசக் கருவியும், கயிறு இணைத்த இடுப்புவாரும் அணிய, கயிற்றின் மறுமுனையை வெளியில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36-ஆவது பிரிவில் வகுத்தது. உள்ளே மயங்கியவரை மீட்க இறங்குவோருக்கும் இதே பாதுகாப்பு தேவை.